கப்பித்தானுக்குக் கொடுத்த உருண்டை

எங்கள் தெருவில் விமானம் ஏறாத வீடு குறைவு. கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறவர்களும் வளைகுடாவுக்குப் போகிறவர்களுமாக, வீட்டுக்கு ஒருவராவது ஏறி இறங்கியிருப்பார்கள். ஆனால் ஒரு நாயை ஏற்றி அனுப்பிய வீடு எங்களுடையது ஒன்றுதான். இன்றைக்கும் யாராவது என் முன்னால் நாயை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாகப் பேச்செடுத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். எதற்கெடுத்தாலும் கலங்குகிற வயிறுதான் அது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதே பரீட்சை என்றால் வாந்தி வரும் என்பதால்தான். இருந்தாலும் இந்தக் கலக்கத்துக்கு மட்டும் ஒரு காரணம் இருக்கிறது.

அந்த நாய்க்குக் கப்பித்தான் என்று பெயர். கப்பலை நடத்துகிற தலைவரை எங்கள் கடற்கரைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெயருக்கேற்ற வீரம் எதுவும் அதனிடம் கிடையாது. செவலை நிறத்து நாட்டு நாய். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாதா கோவில் திருவிழாவில் வெடி போட்டபோது ஒரு தடவை அறைக்கதவைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டது. வெடி ஓய்கிறவரைக்கும் சித்தி அதை மடியில் போட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா துபாயில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர்களுக்கு ஒரே பெண், என்னைவிடச் சின்னவள், எனக்குத் தங்கை முறை. தன் அப்பா லீவில் வந்தால் அவள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவர் ஒளித்து ஒளித்துக் கொண்டுவரும் சாக்லேட்டில் பாதி கப்பித்தானுக்குப் போகும். அப்படிப்பட்டவளுக்கும் சித்திக்கும் விசா வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. அவள் மட்டும், “கப்பித்தான் வந்தா நான் வாரேன். இல்லைன்னா நீங்க மட்டும் போங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினாள். மிரட்டல் என்று விட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்துவிட்டது.

சித்தப்பா போனில் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்தார். “கொண்டு வா. ஆனா வழியில எதுனா ஆச்சுன்னா பிள்ளைக்கு நீதான் பதில் சொல்லணும். என்னைக் கேக்கப்படாது” என்று சித்தியிடம் சொன்னார். சித்தி சரி என்றாள். அந்த ஒரு ‘சரி’யில் அவள் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டாள் என்று அன்றைக்கு அவளுக்கே தெரிந்திருக்காது.

துபாய்க்கு நாயை நம்மோடு உட்காரவைத்துக் கூட்டிப்போக முடியாதாம். சரக்காகத்தான் அனுப்ப வேண்டும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் சொன்னான். சரக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். மாலத்தீவுக்குப் போகிற தோணி ஒன்றில் தண்டல். அதாவது அந்தத் தோணிக்கு அவர்தான் தலைவர். வெங்காயமும் செங்கல்லும் ஆடும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்தவருக்கு ஒரு நாய் எம்மாத்திரம்?

“சரக்குன்னா அத எங்கிட்ட விட்டுருங்க” என்றார்.

முதலில் பெட்டி. தோணி கட்டுகிற தச்சரிடமே சொல்லி, நல்ல பலகையில் செய்தார். இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து, எண்ணெய் பூசி, பார்க்கக் குட்டித் தோணி மாதிரி இருந்தது. காற்றுக்கு மேல்பலகையில் மட்டும் ஓட்டைகள். பெட்டியைப் பார்க்க வந்த ஏஜெண்ட் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“என்ன அண்ணாச்சி, நாயை அனுப்புதியளா, ஊறுகா போடுதியளா?”

“ஏலே, பக்கத்துல ஓட்டை போட்டா தண்ணி அடிச்சி உள்ள வராதா?”

“வானத்துல ஏது அண்ணாச்சி அலை?”

தெருவில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் அறுத்துக் கம்பி வைத்தார். அதற்குப் பிறகு சில நாள் தெருப் பையன்கள் அவரைக் கண்டால், “மாமா, அலை எப்படி?” என்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு தண்டலுக்கு அது பெரிய அவமானம். இன்னொரு விஷயத்திலாவது தன் கடலறிவு செல்லுபடியாகாதா என்று அவர் தேட ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இன்னொரு விஷயம் உருண்டை. தோணியில் ஆடு ஏற்றும்போது அவை கத்தாமல், காலை உதைத்துக்கொள்ளாமல் இருக்க ஓர் உருண்டை கொடுப்பார்கள். கருப்பட்டிப் பாகில் கசகசாவை அரைத்துச் சேர்த்து, ஏதோ தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டுப் பிடிப்பது. அதைத் தின்ற ஆடு நங்கூரம் போடுகிறவரைக்கும் அசையாது. நங்கூரம் போட்ட பிறகும் அசையாத ஆடுகளைப் பற்றித் தோணிக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை. அவை அன்றைக்குக் குழம்புக்கு ஆகிவிடும்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா கப்பித்தானுக்கு ஊசி போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே அதைப் பற்றிச் சொன்னாள்.

“தூங்குறதுக்கு ஒண்ணும் குடுத்துராதிய. விழிச்சிருக்கிற நாய் பயந்தாலும் தன்னைப் பாத்துக்கிடும். மயங்கின நாய் வானத்துல போனா அதுக்கு மூச்சு வாங்கத் தெரியாது. பெட்டிக்குள்ள யாரு பாக்கப் போறா?”

வீட்டுக்கு வந்ததும் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “டாக்டரம்மா மாடு பாத்திருக்காவ, கன்னு பாத்திருக்காவ. மாலத்தீவுக்கு ஆடு கொண்டு போயிருக்காவளா?” என்றார்.

“வேண்டாம் அண்ணே. சொன்னா கேளுங்க” என்றாள் சித்தி.

“சரி, வேண்டாம்” என்றார் மாமா. ஆனால் உருண்டை பிடித்தார். ஒரு தகர டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தோணிக்காரர் கயிறில்லாமல் கிளம்ப மாட்டார் என்பது போல.

சென்னைக்கு வேனில் போனோம். சரக்கு ஏற்றுகிற வாசல், ஆட்கள் போகிற வாசலைவிட்டு ரொம்பத் தள்ளி இருந்தது. வெயில். லாரிகள் வரிசையாக நின்றன. பூப்பெட்டிகள், மீன்பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் எங்கள் பெட்டி. தங்கை அழுது அழுது களைத்ததால் அம்மா அவளை வேனுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் சித்தியும் மாமாவும் நானும் நின்றோம்.

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. கப்பித்தான் அப்படி ஒரு சத்தத்தை ஆயுளில் கேட்டதில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. கம்பியைக் கடித்தது. வாயில் நுரையும், நுரையில் கொஞ்சம் சிவப்பும் வந்தது. மூத்திரம் போய்விட்டது. இன்னொரு விமானம் இறங்கியது. அது தலையைப் பலகையில் முட்டிக்கொண்டது, டக் டக் என்று. யாரோ கதவைத் தட்டி உள்ளே வரட்டுமா என்று கேட்பது போல இருந்தது.

சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அண்ணே, உருண்டை வச்சிருக்கியளா?” என்று கேட்டாள்.

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “என்னளா சொல்லுத?”

“தாங்க அண்ணே. இது இங்கனயே செத்துரும் போலிருக்கு. பாதி குடுப்போம்.”

“பாதின்னா பாதி மயக்கம். அது ரெம்பக் கெடுதல்” என்று டப்பாவைத் திறந்தார் மாமா. குரலில் அவரையும் மீறி ஒரு சந்தோஷம். “இப்பவாது அண்ணன் சொல்லு ஏறுச்சே.”

சித்திதான் வாங்கினாள். கம்பிக்கதவைத் திறந்து, கப்பித்தானின் தாடையை இடது கையால் பிடித்து, வலது கையால் உருண்டையை உள்ளே வைத்து, விழுங்குகிறவரைக்கும் தொண்டையைத் தடவிக்கொடுத்தாள்.  நல்லவேளை, மாமா கொண்டுவந்தார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தங்கையைக் கூட்டிவந்தார்கள். கப்பித்தான் அவள் கையை ஒரு தடவை நக்கியது. “அம்மா, சிரிக்கான் பாரு” என்று அவள் குதித்தாள். சரக்கு வாசலுக்குள்ளிருந்து வந்த ஊழியர் பெட்டியைத் தட்டினார். கப்பித்தான் எழுந்து நின்றது. அது எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் தட்டினாராம். நின்றதால் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வண்டி தன் இரும்புக் கைகளால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தங்கை அது மறைகிறவரைக்கும் டாட்டா காட்டினாள்.

சித்தியையும் தங்கையையும் வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது மாமா வழியெல்லாம் பாட்டுப் பாடினார். ஒரு கடையில் நிறுத்தி எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். “வானமும் ஒரு கடல்தாம்ளா” என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் எல்லாரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் எங்கள் தெருவுக்குத் திரும்புவது இரண்டு விதம். லீவில் வருவார்கள், அல்லது பெட்டியில் வருவார்கள். பெட்டியில் வருகிற செய்திக்கு இப்படித்தான் வீடு உட்கார்ந்திருக்கும். நான் சித்தப்பாதான் என்று நினைத்துவிட்டேன். அம்மா என் காதோடு, “கப்பித்தான்” என்றாள். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தபோது அது படுத்தபடியே விறைத்துக் கிடந்ததாம். திறக்கிறபோது தங்கை முன்னால் நின்றாளாம்.

மாமாவின் போன் அடித்தது. அவர் எந்தப் பொத்தானையோ அழுத்த, சித்தப்பாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“மச்சான், ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. மயக்கத்துக்கு எதுனா குடுத்தாங்களான்னு இங்க டாக்டர் கேக்கான். இவகிட்ட கேட்டா அழுதாளே தவிர வாயத் தொறக்க மாட்டேங்கா. பிள்ளை அவ பக்கத்துல போவ மாட்டேங்கு. நீதான அனுப்புன, நீதான அனுப்புனன்னு கெடந்து கத்துது. யாரு குடுத்தது?”

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. அழுகை மாதிரி இல்லை. இருமல் மாதிரி, இடைவெளி விட்டு விட்டு வந்தது.

மாமா சுவரைப் பார்த்தார். பிறகு, “நான்தான் குடுத்தேன் மாப்ள” என்றார். “அவளுக்குத் தெரியாது. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. பிள்ளையக் கூப்பிட வேனுக்குப் போயிருந்தாள்ளா, அந்த நேரத்துல குடுத்துட்டேன்.”

அங்கே சத்தம் நின்றது. பிறகு தங்கையின் குரல் மிக அருகில் வந்தது.

“மாமா, நீங்க செத்துப் போங்க.”

“சரி மக்கா” என்றார் மாமா.

அதற்குப் பிறகும் போன் துண்டிக்கப்படவில்லை. யாரோ கையில் வைத்திருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துச் சித்தியின் குரல், “அண்ணே” என்றது. அவ்வளவுதான். அணைந்துவிட்டது.

நான், “சித்திதானே...” என்று தொடங்கினேன். அம்மா என் தோளைப் பிடித்து அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

தங்கைக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. தாய்மாமன் முறைக்கு மாமா எடுத்துக்கொண்டுபோன பட்டுச்சேலையை அவள் தொடவில்லை. மாமா கோவில் வாசலோடு திரும்பிவிட்டார். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற சித்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று ஊரில் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் போன் வந்த வாரத்தில் நடந்தது. என்னை ஒரு விஷயம் பிடித்துக்கொண்டால் விடாது, சோறு இறங்காது. பழைய துறைமுகத்தில் மாமாவின் தோணிக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன்.

“மாமா, சித்திதானே கேட்டாவ? சித்திதானே குடுத்தாவ? நீங்க ஏன் பொய் சொன்னிய?”

மாமா மூட்டை எண்ணுகிறவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார். முகத்தில் கோபமில்லை. நாலு நாள் தாடி இருந்தது.

“ஏளா, அங்கன லாரி எத்தனை நின்னுச்சு? ஒரே ஹார்ன் சத்தம். உனக்குச் சரியாக் கேட்டிருக்காது.”

“கேட்டுச்சு மாமா. பாதி குடுப்போம்னு சொன்னாவ. நான் பாத்தேன்.”

“வெயில்ல கண்ணும் கூசிருக்கும். உனக்குக் காதுல குறை இருக்கு மக்கா. சின்ன வயசுல சீழ் வடிஞ்ச காதுல்லா அது. அம்மாட்ட சொல்லி எண்ணெய் விடச் சொல்லு. இத வேற யார்ட்டயும் கேக்காத என்ன? கேட்டா, செவிடுன்னு சொல்லிப் போடுவாவ.”

போதாதா எனக்கு? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செவிடாகிவிட்டதாகவே நடந்தேன். சைக்கிள் மணியைக் கேட்டால், இது உண்மையில் இன்னும் பலமாக அடித்திருக்குமோ என்று தோன்றியது. அம்மாவிடம் காதுக்கு எண்ணெய் விடச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். மாமா என்றேன்.  அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் ஒரு காதில் விட்டாள். மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி அடுத்த காதிலும் விட்டாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் இறங்குகிறவரைக்கும் தடவிக்கொடுத்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். துறைமுகத்தில் இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் கேட்டது. கோவில் மணி கேட்டது. அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிறது கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. எல்லாம் கேட்டது. அப்படியானால் இந்த எண்ணெய் எந்த நோய்க்கு என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.