செத்த மாட்டுக்குப் புல்

உயிரோடு நின்ற பசுவைச் செத்துப்போனதாகச் சொல்லி, அதற்காக முகத்தையும் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வயதைக் குறை சொல்ல முடியாது.

பசு என் மனைவியின் அண்ணனுடையது. இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அடுத்த வீட்டில் இருந்தவர். இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, குடும்பத்தோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார். போகும்போது, "மாட்டப் பாத்துக்கங்க மாப்ள" என்றார். கொடுத்தாரா, காவலுக்கு விட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

சில வருஷம் கழித்து, வயிற்று வலிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் காட்ட வருவதாகத் தகவல் அனுப்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வசதியுள்ளவர்கள் இங்கிருந்து மதுரைக்கு வைத்தியத்துக்குப் போவார்கள். அங்கிருந்து விசா எடுத்து, கப்பலேறி, ரயில் மாறி இங்கே எவன் வருவான்? மாட்டை விற்றுக் காசாக்கத்தான் வருகிறார். உடனே பசுவைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஒரு தெரிந்தவரின் பட்டியில் கொண்டுபோய்க் கட்டினேன்.

"நீங்க சொல்ற பொய்க்கெல்லாம் நான் அழ மாட்டேன்" என்றாள் மனைவி.

மச்சான் மெலிந்து, வயிற்றில் கை வைத்தபடி வந்தார். தேத்தண்ணி குடிக்கும்போதே, "மாடு எங்க மாப்ள?" என்றார்.

"செத்துப்போச்சு மச்சான்."

மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு அல்ல, வழியில் மாட்டுத் தரகர் யாரையாவது பார்க்கிறாரா என்று பார்க்க. பஸ்ஸில் மெல்லக் கேட்டேன்.

"அங்க டாக்டருங்களே இல்லையா மச்சான்?"

"இருக்காங்க. நல்லவங்கதான். ஆனா மறுபடி வெட்டணுங்கிறாங்க. முன்னாடி என்னத்த எடுத்தாங்கன்னு கேக்குறாங்க, எனக்கென்ன தெரியும்? மொதல்ல வயித்தத் தொறந்தவரு இங்கதான இருக்காரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத்தான தெரியும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

அந்தச் சிங்கள டாக்டர் பழைய தழும்பைப் பார்த்தார், அங்கங்கே அழுத்தினார், ஏதேதோ கேட்டார். கடைசியில் உடைந்த தமிழில், "வெட்ட வேணாம். மருந்து இருக்கு. உறைப்பு வேணாம். பால் நல்லா குடிக்க" என்றார். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் காதில் 'பால்' மட்டும்தான் விழுந்தது.

மறுநாளிலிருந்து விடியும் முன்பே புல் அறுத்து, கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கீழ் டிவிசனுக்கு இறங்கினேன். திரும்பும்போது போத்தலில் பால். "கடையில வாங்கினேன் மச்சான்" என்பேன். வாங்கிக் குடிப்பார். குடித்துக் குடித்து முகம் தெளிந்தது.

புறப்படும் நாளில் பதுளை ஸ்டேசன் வரை போனேன். ரயில் பெட்டி ஜன்னலில் இருந்து குனிந்து சொன்னார்.

"மாடு உங்களுக்குத்தான் மாப்ள. அன்னைக்கே குடுத்ததுதான்."

"எந்த மாடு மச்சான்?"

"செத்த மாட்டுக்கு யாராவது தெனம் புல்லு அறுப்பாங்களா? அத விடுங்க. இன்னொரு தடவ வெட்டுனா பொழைக்க மாட்டேன்னு பயந்து கடல் தாண்டி வந்தேன். வந்த நாள்லேருந்து, வயிறு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"