காதரின் கிளட்ச் இல்லாத லாரி

காதர்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் அந்தக் கியர்பாக்ஸைப் பற்றி எழுத முடியாது.

1. முள் இறங்கினால்

ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூரில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் நான் கியர்பாக்ஸ் ஃபிட்டர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். முதலாளி ஏலத்தில் ஒரு பழைய அமெரிக்க லாரியை எடுத்து வந்தார். அதில் கிளட்ச் பெடலே கிடையாது. ஆயில் பிரஷரில் கியர் தானாக மாறும். ஆனால் அரை மணி நேரம் லோடு இழுத்தால் கியர்பாக்ஸ் கொதிக்கும். அப்புறம் எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது.

மூன்று நாள் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை. நாலாம் நாள் முதலாளி ராயபுரத்திலிருந்து காதரைக் கூட்டி வந்தார். யுத்த காலத்தில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன், என் வயசுதான். ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டு மோந்து பார்த்தான். கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன பிளக்கைக் கழற்றி, அங்கே தன் பிரஷர் கேஜை மாட்டினான்.

"சூடு ஏற ஏற முள்ளு எறங்குது பாரு நைனா. பம்பு தேஞ்சி கீது. பிரஷர் இல்லாங்காட்டி உள்ள பிளேட்டு வழுக்கும். வழுக்குனா இன்னும் சூடு."

தேய்ந்த பம்பு மூடியைக் கண்ணாடித் தகட்டின்மேல் போட்டு, ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தவன் நான். வண்டி ஓடியதும் பெயர் அவனுக்கு.

"ஒரு மாசம் நிக்காம ஓடட்டும். காதரு, நீதான் மேஸ்திரி" என்றார் முதலாளி, எல்லார் முன்னாலும். மேஸ்திரி இடம் எனக்கென்று நான் நினைத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. இரண்டு விரல் ஆயில்

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் காதர் தொழுகைக்குப் போயிருந்தான். லாரி நின்றிருந்தது. அவன் தப்பு ஏதாவது சிக்காதா என்று கியர்பாக்ஸ் ஆயில் குச்சியை உருவினேன். எஞ்சின் ஆயிலை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான், எஞ்சின் நின்று ஆறிய பிறகு பார்த்தேன். குச்சியில் உள்ள கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஆயில்!

எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. பெரிய மிலிட்டரி மெக்கானிக், ஆயில் அளவு தெரியவில்லையே! டிரெயின் பிளக்கைத் தளர்த்தி, கோடு வரைக்கும் இறக்கினேன். இறக்கியதை ஒரு டின்னில் பிடித்து என் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் முதலாளியிடம் சாட்சியோடு காட்ட வேண்டாமா?

3. முள் நடுங்கினால்

சாயங்காலம் வரை போகவில்லை. மதியமே லாரியை லோடு ஏற்றி எடுத்துப் போன டிரைவர், மூன்று மணிக்கு யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து நின்றான். எண்ணூர் ரோட்டில் லாரி லோடோடு படுத்துவிட்டது, அடியில் புகை வருகிறது என்றான்.

முதலாளி காதரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா ரிப்பேர் பண்ண நீ? பையத் தூக்கிக்கினு கெளம்பு!"

"ஒரு தபா பாத்துட்டுப் போறேன் மொதலாளி" என்றான் காதர். எல்லாரும் ஜீப்பில் போனோம். அவன் லாரியை நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் ஓட ஓடக் குச்சியை உருவினான். நுனியில்கூட ஆயில் இல்லை. கேஜை மாட்டினான். முள் கிடந்து நடுங்கியது.

"முள்ளு எறங்குனா பம்பு. இப்டி நடுங்குனா ஆயில் கம்மி, பம்பு காத்த இழுக்குது."

"ஓட சொல்லோ இன்னாத்துக்கு நைனா குச்சியப் பாக்குற?" என்று டிரைவர் கேட்டான்.

"நிறுத்துனா மேல கீற ஆயிலெல்லாம் கீழ வந்துடும். ஜாஸ்தியாக் காட்டும். ஓட சொல்லோ பாத்தாதான் நெசம்."

நான் இறக்கியது வண்டிக்கு வேண்டிய ஆயிலைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதர் அடியில் போய்ப் படுத்தான். டிரெயின் பிளக்கை முடுக்கியதும் பிளக்கையும் பக்கத்து இரும்பையும் சேர்த்துச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போடுவது அவன் வழக்கம். கோடு விலகியிருந்ததைப் பார்த்திருப்பான். எழுந்து வந்து நேராக என்னைப் பார்த்தான். என் சட்டையில் ஈரம் காயாத ஆயில் கறை.

"இன்னா ஆச்சு?" என்றார் முதலாளி.

"பிளக்கு லூஸு. ஒழுகிட்ச்சி. நான்தான் சரியா முடுக்கல. என் தப்பு மொதலாளி."

முதலாளி அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்தான். "ஆயில கீழ ஊத்திட்டியா, வெச்சிகினு கீறியா?"

"டின்னுல கீது" என்றேன்.

"போய் எடுத்துக்கினு வா. நான் பொய் சொன்னது உனக்கோசரம் இல்ல. நீ பூட்டா அந்த மாதிரி பம்பு மூடி தேய்க்க இங்க வேற எவன் கீறான்?"

ஜீப்பில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் டின்னை எடுத்து வந்து நானே ஊற்றினேன். பிளேட் கருகவில்லை. லாரி ஓடியது. காதருக்கு வேலை தங்கியது, மேஸ்திரி பதவி போயிற்று. முடுக்கத் தெரியாதவன் மேஸ்திரியா என்று சொல்லி முதலாளி அதை எனக்குக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இந்த மாதிரி கியர்பாக்ஸில் கை வைக்கும் பிள்ளைகள், எஞ்சின் ஓடும்போது, சூட்டில், நியூட்ரலில் ஆயில் பாருங்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை மேஸ்திரியாகத்தான் இருந்தேன். பிளக் விஷயத்தை முதலாளியிடம் கடைசிவரை சொல்லவில்லை. காதரும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அவன்மேல் பொறாமைதான்.