தொட்டிக்குள் செம்புத் தகடு

என் கணவர் துறைமுகப் பட்டறையில் போர்மன். கரையேற்றிய கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியை ஆள்வைத்துச் சுரண்டுவிப்பதுதான் அவருடைய உத்தியோகம். அறுபதுகளின் கடைசியில் அந்த மனிதர் வீட்டு மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, பவளப்பாறையில் உடைத்த முருகைக்கல் கொண்டுவந்து போட்டார். கல்லின்மேல் ஒரு கடற்சாமந்தி, பூப்போல விரியும் கடல் உயிர். அதன் விரல்களுக்குள் ஒளிந்து விளையாட, வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு செம்மஞ்சள் மீன்கள். "உதென்ன பைத்தியம்?" என்று முதல் நாள் கேட்டவள் நான். ஒரு கிழமைக்குள் உலையைக் குசினி அடுப்பில் வைத்துவிட்டுச் சாமந்திக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தவளும் நான்தான். அதில் உயிரையே வைத்திருந்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

கல்லோடு நத்தையும் வந்திருந்தது. ஒவ்வொன்றும் அரிசிமணியளவு. இரண்டு மாதத்தில் கண்ணாடி தெரியவில்லை, நத்தைதான் தெரிந்தது. பார்க்க வந்த கூட்டாளி ஒருவர், "கப்பலிலை சுரண்டுறனீங்கள், வீட்டிலை வளக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பகலில் தொட்டியை அவர் உடுத்துக் கழித்த பழைய சாரத்தால் மூடி, இருட்டிவிட்டதென்று நத்தைகளை நம்பவைத்து, அவித்த பூசணித் துண்டொன்றை நூலில் கட்டி இறக்குவேன். கொஞ்ச நேரத்தில் தூக்கினால் கொத்தாக மொய்த்திருக்கும். அப்படியே கோழிக்குப் போய்விடும். தொட்டி மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"உம்மடை குசினி வேலையை இஞ்சை காட்டாதையும். இது கடல் விசயம்."

கடல் விசயம் தெரிந்தவருக்கு நீந்தத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

பட்டறையின் பெரிய அதிகாரியை ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு, தொட்டியைப் பார்க்க, அழைத்திருந்தார். நான் மூதூரில் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு அன்று காலை லோஞ்சில் கடல் கடந்து வந்து இறங்கினேன். என்னவர் வாசலிலேயே நின்றார்.

"மரக்கப்பலுக்கு அடியிலை செம்புத் தகடு அடிச்சா ஒரு சிப்பியும் கிட்ட வராது. நத்தை எந்த மூலைக்கு? நானும் ஒரு தகடு இறக்கிப்போட்டன்."

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமந்தி செம்பின் நஞ்சில் கரைந்து, கஞ்சிபோலக் கல்லில் வழிந்து கிடந்தது. மீன்கள் இரண்டும் அந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்தன. நத்தைகளோ செம்பு பிடிக்காமல் தண்ணீரை விட்டு வெளியேறி, கண்ணாடி விளிம்பிலும் சுவரிலும் சுகமாக ஏறியிருந்தன. நான் குசினிக்குள் போய் அழுதேன். ஒரு மீனாவது அவரைக் கடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

பின்னேரம் அதிகாரி வந்தார். தொட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்ன நடந்ததென்று கேட்டார். என்னவர் கண்கூட இமைக்கவில்லை.

"மனுசி பூசணிக்காயைப் போட்டுப் பழுதாக்கிப்போட்டா, சேர்."

தேநீர்த் தட்டத்தோடு நின்றிருந்த நான் அதை மேசையில் வைத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். தகட்டை எடுத்து, சொட்டச் சொட்ட அதிகாரியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுதான் சேர், நான் போட்ட பூசணிக்காய்."

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில், வெளியே கொண்டுபோகக் கூடாத சாமானுக்குக் குத்தும் பட்டறைக் களஞ்சியத்தின் முத்திரை இருந்தது. அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு பேப்பர் கேட்டு வாங்கி, தகட்டை அதில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

தகட்டில் அந்த முத்திரை இருந்தது எனக்குத் தெரியாது என்று இன்றுவரை என் கணவரிடம் சொல்லிவருகிறேன்.