நாற்பது பெட்டிகளும் ஒரு சீன எழுத்தும்

பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆணி அடிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி அறையில் காலியாகக் கிடந்த சூப்பர்வைசர் நாற்காலியைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு எரியும்.

கம்பெனி, சீனாவிலிருந்து தையல் மிஷின்களை வாங்கி விற்றது. பழுதானவற்றைப் பெட்டியில் அடைத்து அங்கேயே திருப்பி அனுப்பும். போன தடவை வழியில் யாரோ பெட்டிகளைக் கவிழ்த்து வைத்ததில் பாதி நொறுங்கிப்போயின.

"இந்தப் பக்கம் மேலேன்னு நாம எழுதுறது அங்க ஒருத்தனுக்கும் புரியல. அவங்க எழுத்துல எழுதத் தெரிஞ்சவர் யாரோ, அவர்தான் அடுத்த சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

அன்று மாலையே பெட்டிக்காரர் சீனாவிலிருந்து வந்த ஒரு பழைய பெட்டிப் பலகையைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வந்தார். அதில் கறுப்பாக ஓர் எழுத்து: 上. 'மேலே' என்று பொருள். கைபேசியில் ஒரு சீன டீச்சர் அதை எழுதிக் காட்டினார். முதலில் செங்குத்தாக ஒரு கோடு, அப்புறம் வலப்பக்கம் குட்டிக்கோடு, கடைசியில் அடியில் நீளக்கோடு. மூன்றே மூன்று கோடு. அதற்கு அவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில் எழுதினார், மகளின் பள்ளி நோட்டின் பின் அட்டையில் எழுதினார், கொட்டிக் கிடந்த மாவையும் விடவில்லை.

"மூணு கோட்டுக்கே இப்படி நாக்கைக் கடிக்கிறீங்க. இன்னும் நாலு கோடு இருந்திருந்தா நாக்கே மிஞ்சியிருக்காது" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? கோட்டு வரிசை மாறினா அங்க மதிக்கவே மாட்டாங்க."

பத்தாம் நாள் அவர் சீன மொழி அறிஞர் ஆகிவிட்டார். குடை, பேட்டரி, பொம்மை என்று எதைப் பார்த்தாலும் நெற்றியைச் சுருக்கிப் படிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலிக்கு வாங்கிய தைலப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் நாற்பது ஐம்பது எழுத்து இருந்தது. ஒன்றுதான் தெரிந்த முகம்.

"மேலே தடவணும்னு போட்டிருக்கு."

"நல்லவேளை, நான் குடிக்கலாம்னு இருந்தேன்" என்று அவர் கும்பிடாத குறையாகப் போனார்.

பெட்டிகள் கிளம்பும் நாள் வந்தது. நிற்கும் பலகையில் எழுதினால் பெயிண்ட் வழியும். அதனால் பெட்டியைப் படுக்கப்போட்டு எழுதுவதுதான் பேக்கிங் பிரிவின் பழக்கம். விலாசம் எழுத அது போதும்; விலாசத்தைக் கழுத்தைச் சாய்த்தும் படித்துக்கொள்ளலாம். பெட்டிக்காரரும் அப்படியே செய்தார். ஒவ்வொரு பெட்டியையும் சாய்த்தார், கண்ணில் வெயில் படாத பக்கமாகப் போய் நின்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். உள்ளே மிஷினின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. எழுத்து மட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

ஆணி எடுத்துக் கொடுக்கும் அக்கா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, இதுல மூடி எந்தப் பக்கம் இருக்கு, பாத்தீங்களா?"

"பேச்சுக் குடுக்காதம்மா. கடைசிக் கோடு போட்டுக்கிட்டிருக்கேன்."

மேனேஜர் வந்து பார்த்து அசந்துபோனார். லாரியில் ஏற்றுகிறவர்களைக் கூப்பிட்டு, "நீளக்கோடு கீழே இருக்கணும். மாறிச்சு, தொலைச்சுடுவேன்" என்றார். அவர்களும் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டார்கள். இருபத்தாறு பெட்டிகள் பக்கவாட்டில் படுத்தன. ஒன்பது தலைகீழாக நின்றன. ஐந்து மட்டும், யார் செய்த புண்ணியமோ, நேராக இருந்தன.

அரைமணி நேரத்தில் லாரிக்கு அடியில் எண்ணெய் சொட்டியது.

"என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார் மேனேஜர்.

"என் வண்டி எண்ணெய் கறுப்பா இருக்கும் சார். இது உங்க மிஷின் எண்ணெய்" என்றார் டிரைவர்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், மிஷின்கள் படுத்தும் தலைகீழாகவும் கிடந்தன. கண்ணாடி அறை கைநழுவிப் போவது பெட்டிக்காரரின் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"எழுத்துல ஒரே ஒரு தப்பு காட்டுங்க சார். இன்னைக்கே வேலைய விட்டு நின்னுக்கறேன்."

"எழுத்து சரிதான்யா. பெட்டிதான் தப்பு" என்ற மேனேஜர், அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரல் இறங்கியது. "சீன மொழி தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட இருக்கார்னு முதலாளிகிட்ட பெருமையா சொல்லி வெச்சிருக்கேன். இப்போ இல்லைன்னா என் சீட்டு கிழிஞ்சிடும். நாளையிலேருந்து நீங்கதான் சூப்பர்வைசர். ஒரே நிபந்தனை. பிரஷ்ஷைத் தொடக் கூடாது, பெட்டிப் பக்கமே வரக் கூடாது."

எண்ணெயைத் துடைத்து, பெட்டிகளை நிமிர்த்தி, பழைய எழுத்தை அழித்து, ஒவ்வொன்றிலும் பெரிய அம்புக்குறி போடும் வேலை அக்கா தலையில் விழுந்தது. வேலை மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் வெயிலில் நாலாவது பெட்டியை முடித்துவிட்டு, பெயிண்ட் கையோடு அக்கா கண்ணாடி அறையின் ஜன்னலைத் தட்டினார்.

"சூப்பர்வைசர் அண்ணே, அம்பு போட்டிருக்கேன். இதுல எது மேலேன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பெட்டிக்காரர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பெட்டியைக் கண் சுருக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கூரா இருக்கிற பக்கம்" என்றார்.