மூன்றாம் நம்பர் வீட்டுக்கு இரண்டு பூட்டு

வீட்டை வாடகைக்கு விடுகிற தொழிலில் ஆள் பிடிப்பது சுலபம். ஆள் போய்விட்டார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படித்ததும் தலையாட்டியிருப்பீர்கள். ஆட்டுங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

புதுக்கோட்டை கீழ மூன்றாம் வீதியில் எனக்கு வரிசையாக ஐந்து வீடுகள், ஒரு பொதுக் கிணறு. முதல் வீட்டில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பினாங்கில் கடை. "நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். நானும் பார்த்துக்கொண்டேன். மற்ற வீடுகளில் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாம் நம்பர் மட்டும் என்னைச் சோதித்துப் பார்த்தது.

வக்கீல் சொன்னது

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகத் திருச்சிக்கு மாறின. மூன்றாம் நம்பரில் குடியிருந்த குமாஸ்தா ராமநாதனும் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். கல்யாணம் காட்சிக்குப் போகிறார்களாக்கும் என்று இருந்துவிட்டேன். ஸ்டேஷன் வண்டிக்காரர் வந்து, கட்டில் முதல் தொட்டில் வரை ரயிலேறிவிட்டது என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. கதவில் அவருடைய பூட்டு தொங்கியது.

எனக்கு வந்த கோபத்துக்குக் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டேன். எதற்கும் கேட்டுவைப்போம் என்று எதிர்வீட்டு வக்கீலிடம் போனேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சொல்லாமப் போனது அவரு தப்பு. பூட்ட ஒடச்சா அது ஒங்க தப்பு. கோர்ட்டுல ஒங்க தப்பத்தாம்மா மொதல்ல விசாரிப்பாங்க."

குமாஸ்தா திரும்பினார்

கடப்பாரையை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நல்ல பூட்டு வாங்கினேன். அவர் பூட்டைத் தொடவில்லை. மேல் நாதாங்கியில் என் பூட்டைப் போட்டேன். நான் உள்ளே போகமுடியாது, சரி. அவரும் போகமுடியாதே. தவிர, அந்த வீட்டுக்குள் ராமநாதனின் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த ஆட்டுக்கல் இருந்தது எனக்குத் தெரியும். வண்டிக்காரர் சொன்ன சாமான்களில் அது இல்லை, ரயிலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போயிருப்பார்கள். ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்? திருச்சியில் அந்த மனிதருக்கு இட்லி கிடைக்காது என்று நிச்சயமாக இருந்தேன்.

அப்படியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார். என் பூட்டைப் பார்த்தார். நேரே என் வாசலுக்கு வந்து, தம் சாவியைத் தாமே நீட்டினார். நான் திட்டவில்லை, மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "சொல்லிட்டுப் போகக் கூச்சமா இருந்துச்சும்மா. சொல்லாமப் போயிட்டுத் திரும்பி வர்றது அதவிடக் கூச்சமா இருக்கு."

கொடியில் ஒரு சேலை

அதற்குப் பிறகு நான் உஷார். காலி செய்யப் போகிறவர்கள் நம்மிடம் சொல்லமாட்டார்கள், பால்காரரிடம் சொல்லுவார்கள். சலவைக்குப் போட்ட துணியை அவசரமாகத் திரும்பக் கேட்பார்கள். விறகு வண்டி வந்தால் அரை வண்டி போதும் என்பார்கள். இதையெல்லாம் கவனித்து வையுங்கள், உதவும்.

அடுத்துக் குடிவந்த பஸ் கண்டக்டர் இதில் எதையும் செய்யவில்லை. பாலை நிறுத்தவில்லை, விறகும் முழு வண்டி இறங்கியது. கொல்லைக் கொடியில் அவர் மனைவியின் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. நானும் சேலையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கடைசியில் வாடகை கேட்கப் போய்க் கதவைத் தள்ளினால் திறந்துகொண்டது. வீடு காலி. சாவி ஜன்னலில் இருந்தது. பக்கத்து வீட்டு மீனாட்சி என்னைத் தேற்ற வந்தாள்: "மழை பெஞ்சும் சேலைய எடுக்கலையேன்னு நான் அன்னிக்கே நெனச்சேன்க்கா. ஒங்ககிட்ட சொன்னா வீட்டுக்காரம்மாவுக்கு ஒத்து ஊதுறேன்னு பேராயிரும்ல."

விளக்கு வைத்த கதை

கண்டக்டர் போனது ஆனிக் கடைசியில். அதுதான் வயிற்றெரிச்சல். ஆடி பிறந்துவிட்டால் நம் ஆட்கள் யாரும் வீடு மாறமாட்டார்கள். அதோடு வீதியில் ஒரு பேச்சும் கிளம்பியது: மூன்றாம் நம்பரில் யாரும் நிலைப்பதில்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறார்கள், ராசியில்லாத வீடு. கூரையில் ஓட்டை விழுந்தால் ஓடு மாற்றலாம். பேர் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?

இருண்டு கிடந்தால்தானே பேசுவார்கள் என்று, தினமும் பொழுது சாய்ந்ததும் கொல்லைப்பக்கமாகப் போய் உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். வெளிச்சமான வீட்டை யார் குறை சொல்ல முடியும் என்று எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாளில் வீட்டுத் தரகர் சுப்பையா வந்து தலையைச் சொறிந்தார். "ஆளில்லாத வீட்டுல வெளக்கு எரியுதுங்கிறாங்கம்மா. யாரு ஏத்துறாங்கன்னு கேட்டேன். அது தெரிஞ்சா நாங்க ஏன்யா பயப்படுறோம்ங்கிறாங்க."

ஆடியில் வந்தவர்

கோட்டைப்பட்டினத்து ஜவுளி வியாபாரி காதர் பாய் அந்த ஆடியிலேயே வந்தார். அன்னவாசல், கீரமங்கலம் என்று சந்தைக்குச் சந்தை போகிறவர். நடுவில் புதுக்கோட்டையில் ஒரு வீடு வேண்டும். அவருக்கு ஆடி ஒரு தடையில்லை. ஆனால் விளக்குக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நான் ஒளிக்கவில்லை. ஏற்றுவது நான்தான் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லவேண்டும். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்: "சொல்லிட்டுத்தான் போவோம். நாளைலேருந்து வெளக்க நாங்களே ஏத்திக்கிறோம், தங்கச்சி. ஒங்களுக்கு எண்ணெய் மிச்சம்."

ஒரு மாதம் முன்னால்

அவர்கள் இருந்தது பல வருஷம். பாய் மனைவி பாத்திமாவும் நானும் ஒரே கிணற்றில் இறைத்தோம். நோன்புக் கஞ்சி என் வீட்டுக்கு வரும், என் பொங்கல் அங்கே போகும். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பினாங்கிலிருந்து தந்தி வந்த அன்று என்னை மடியில் சாய்த்துக்கொண்டவள் அவள்தான். மூன்றாம் நம்பரின் பேர் தலைகீழாக மாறிப்போனது. அந்த வீடு எப்போது காலியாகும் என்று தரகரே கேட்க ஆரம்பித்தார். நானும் மிதப்பாகச் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் பாத்திமா வந்து உட்கார்ந்தாள். ஊரில் சொந்த வீடு கட்டியாயிற்றாம். வாக்குக் கொடுத்தபடி சரியாக ஒரு மாதம் முன்னால் சொல்ல வந்திருந்தாள். எத்தனை வருஷமாக இதைத்தானே கேட்டேன்? சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அந்த ஒரு மாதமும் அவளைக் கிணற்றடியில் பார்க்கும்போதெல்லாம் அழுதேன். புறப்படும் நாளில் சாவியை என் கையில் வைத்து மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்படி அழுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நாங்களும் கொடியில ஒரு சேலயப் போட்டுட்டுச் சொல்லாமயே போயிருப்போம்க்கா."

ஆகவே, வீட்டுக்காரர்களே, சொல்லாமல் போகிறவர்களைச் சமாளிக்க என்னிடம் ஒரு பூட்டு இருக்கிறது, கேட்டால் தருகிறேன். சொல்லிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.