ஒற்றைக் கண் கொட்டாவி

“இங்க வா. இந்தப் பூனையப் பாத்து என்ன தப்புன்னு சொல்லு” என்றார் ஞா பிளாசிதா.

எங்கர்னசியோன் பஸ் நிலையத்தில் பதினொன்றரை மணி வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் ஆளில்லை. தெரெரே இலை போட்ட குவளையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, கவுண்டரில் கூட வேலை பார்க்கும் அராமி எட்டிப் பார்த்தாள். பிளாசிதாவின் போனில் சாம்பல் நிறப் பூனை ஒன்று உட்கார்ந்தபடி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

“தப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“கண்ணப் பாரு. எத்தனை கண்ணு தொறந்திருக்கு?”

“ஒண்ணு.”

“ஒண்ணு! கொட்டாவி விடுறப்போ ஒத்தைக் கண்ணு! பொண்ணே, பதினோரு வருஷமா இந்த விளையாட்டுப் பூனைங்கள பாக்குறேன். கொட்டாவின்னா ரெண்டு கண்ணும் மூடும். இந்த விளையாட்ட எழுதினவன் அப்படித்தான் எழுதி வச்சிருக்கான்.”

“ஒரு பூனைகூட மீறாதா?”

“என் தம்பி ஒழுங்கா வேலைக்குப் போனாலும் போவான், இது நடக்காது. யாரோ படத்துல கை வச்சிருக்காங்க. அதையும் எவ்வளவு நேர்த்தியா செஞ்சிருக்கா பாரு, திருட்டுக் கழுதை!”

“ஆம்பளையாக்கூட இருக்கலாம்.”

“இவ்வளவு பொறுமை ஆம்பளைக்கு ஏது?”

அராமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாசிதா தட்டெழுதினார்: ‘ஏழாம் எண். திருத்தப்பட்ட படம். நீக்கப்படுகிறது.’ அனுப்பியும் விட்டார். அராமி குழலை வாயில் வைத்து, தண்ணீர் தீர்ந்து குவளை களகளவென்று காலிச் சத்தம் போடும்வரை உறிஞ்சினாள். ஏழாம் எண் அவளுடைய பூனை.

நிஜப் பூனை அல்ல. கம்ப்யூட்டருக்குள் வளரும் பூனை. இருபது வருடம் பழசான அந்த விளையாட்டை மறக்க மனமில்லாத கூட்டம் ஒன்று சிலியிலிருந்து மெக்சிகோ வரை சிதறிக் கிடந்தது. மாதம் ஒருமுறை அவர்களுக்குள் போட்டி நடக்கும். உட்காருதல், சோம்பல் முறித்தல், பதுங்குதல், கொட்டாவி என்று ஒவ்வொரு போஸுக்கும் தனிப் பரிசு. இந்தப் பூனைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. பொம்மையைக் காட்டி, மவுஸ் அம்பால் முதுகைத் தடவி, அதற்கு மனம் வரும்வரை காத்திருந்து, போஸ் கொடுக்கும் அந்த நொடியில் பொத்தானை அமுக்கிப் படம் பிடிக்க வேண்டும். படங்கள் பெயரில்லாமல், வெறும் எண்ணோடு நடுவரிடம் போகும்.

பிளாசிதா ரிவேரோஸ் அங்கே பெரிய நடுவர். வயது நாற்பத்து மூன்று. பெண்ணுக்கு ‘ஞா’, ஆணுக்குக் ‘கராய்’ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடும் ஊரில் அவர் ஞா பிளாசிதா. பத்தொன்பது வருடமாக டிக்கெட் கிழிப்பவர். நிஜப் பூனை பக்கத்தில் வந்தால் தும்மித் தும்மியே கண் வீங்கிப் போகும் அவருக்கு. ஆனால் திரையில் வரும் பூனையை ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார். நான்கு பாதமும் தெரிகிறதா, வால் நுனி படத்துக்குள் இருக்கிறதா, காது ஒன்றையொன்று மறைக்கிறதா. வரிசையில் நிற்கிற பயணிகளையும் அந்தக் கண் விட்டு வைக்காது. “அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கு ரெண்டாம் பரிசு. நிக்கிறதெல்லாம் ஜோர்தான், பொட்டி ஒரு கால மறைக்குது” என்று அராமியின் காதோரம் முணுமுணுப்பார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதிச் சில்லறையை நீட்ட வேண்டும்.

தோற்ற பூனைக்கும் ஒரு நல்ல வார்த்தையும் ஒரு குறையும் எழுத வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பிளாசிதா பாராட்டை ஸ்பானிஷில் எழுதுவார், திட்டை உள்ளூர் மொழியான குவரானியில் எழுதுவார். ‘மீசை மகாராணிக்கு உரியது’ என்று முதல் வரி இருக்கும். அடுத்த வரிக்கு அர்த்தம் கேட்டு லிமாக்காரர்களும் சாந்தியாகோக்காரர்களும் அலைவார்கள். அர்த்தம் தெரிந்த பிறகு, அவரிடம் திட்டு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லித் திரிவார்கள்.

அதனால்தான் அராமி தான் விளையாடுவதை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லிவிட்டால் அவளுடைய பூனையைப் பார்க்கும்போது அவர் பார்வை ஒரு பக்கம் சாயும். தவிரவும், வாயைத் திறந்து எதையும் சொல்வது அராமிக்கு எப்போதுமே சிரமம்தான்.

இப்போது சொல்லாமலும் தீராது. படத்தில் கை வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை வெளியாகும். பட்டியலில் ஏறியவர்கள் ஒரு வருடம் போட்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதற்குப் பிறகும் அவர்கள் பூனையை எல்லோரும் உருப்பெருக்கியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அராமி படத்தில் கை வைக்கவில்லை. ஆனால் அதை நிரூபித்தால் அடி வேறு இடத்தில் விழும். நல்ல படத்தைத் தவறாக நீக்கிய நடுவர் ஒரு பருவம் முழுக்க நாற்காலியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மூன்று மாதம். பிளாசிதா ஒருமுறைகூட இறங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், டிக்கெட் கட்டுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டே, பிளாசிதாவின் முகத்தைப் பாராமல் அராமி சொன்னாள்.

“ஞா பிளாசிதா, அந்த ஏழாம் நம்பர் என்னோடது.”

“எந்த ஏழாம் நம்பர்? ஜன்னல் சீட்டா?”

“பூனை.”

பிளாசிதா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். “நீயா? நீ பூனை வளக்குறியா? எங்க?”

அராமி மூலையைக் காட்டினாள். பார்சல் சீட்டு அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் அங்கே தூசியோடு நின்றது.

“அடியே! அது தெனமும் மூச்சு வாங்குறது இதுக்குத்தானா?” என்றவர் உடனே குரலைத் தாழ்த்தினார். “திருட்டுக் கழுதைன்னு உன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேனே. அப்பவே கேட்டிருக்கக் கூடாது?”

“வேணும்னு செய்யல. படத்த நான் தொடவே இல்ல. அது அப்படித்தான் கொட்டாவி விட்டுச்சு.”

“நீ சொன்னா நான் நம்புவேன். ஆனா நடுவர் நம்பக் கூடாது. காட்டு.”

சனிக்கிழமை மதியம் காட்சி தொடங்கியது. பூனைக்குத் தனிம்பு என்று பெயர், குவரானியில் சாம்பல். தனிம்பு திரையில் பந்தை உருட்டியது, காதைச் சொறிந்தது, நடுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கொட்டாவி மட்டும் விடவில்லை. இரண்டு மணிக்குப் பிலார் வண்டியை எடுக்க வேண்டிய டிரைவர் செசிலியோ கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றார்.

“என்ன பாக்குறீங்க? மேட்சா?”

“பூனை கொட்டாவி விடப் போகுது, கராய் செசிலியோ” என்றாள் அராமி.

“அதுக்கு எதுக்கு இந்தப் பாடு? என் வீட்டுக்கு வாங்க. நான் பேச ஆரம்பிச்சதும் என் பொண்டாட்டி விடுவா பாருங்க, ஊரே உள்ள போயிடும்.”

“எத்தனை கண்ணு மூடுவாங்க?” என்று கேட்டார் பிளாசிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒரு கண்ணுதான். இன்னொண்ணு என் சம்பளக் கவர் மேல இருக்கும்.”

வண்டி கிளம்பும் நேரமாகியும் அவர் நகரவில்லை. சிப்பா ரொட்டி விற்கும் பெண் கூடையோடு வந்து சேர்ந்தாள். முதலில் அவள் கொட்டாவி விட்டாள். அடுத்து செசிலியோ, பிறகு பிலாருக்கு டிக்கெட் எடுத்த ஒரு ஆசிரியை, கடைசியில் பிளாசிதாவே. அந்த இடத்தில் கொட்டாவி விடாத ஒரே ஜீவன் பூனைதான்.

“எல்லாரும் உத்துப் பாத்தா அதுக்கு வராது” என்று மெதுவாகச் சொன்னாள் அராமி. தட்டில் தீனியை நிரப்பிவிட்டு மவுஸ் அம்பை ஓரத்துக்குத் தள்ளினாள். தனிம்பு தின்றது, முகம் கழுவியது, உட்கார்ந்தது, வாயைத் திறந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. பிளாசிதா தீனித் தட்டை மட்டும் விரலால் காட்டினார். அதுதான் அராமிக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை வாய் மூடிய பிறகு படம் விழுந்தது. செசிலியோவை நிலைய மேலாளர் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது முறை அராமி முன்கூட்டியே, வாய் திறக்கத் தொடங்கும்போதே அமுக்கினாள். பிளந்த வாய். மூடிய இடது கண். அகலத் திறந்த வலது கண்.

“எந்திரி” என்று அவளை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டுப் பிளாசிதா தானே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போராடி அதே படத்தைத் தன் விரலால் பிடித்த பிறகுதான் சாய்ந்தார்.

“கம்ப்யூட்டர் கிழடு” என்றார். “வாய வரையுது, ஒரு கண்ண மூடுது, இன்னொரு கண்ண மூடுறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்குது. மத்தவங்ககிட்ட இருக்கறதெல்லாம் புதுசு. கண்ணிமைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். யாருமே இத பாத்திருக்க மாட்டாங்க.”

பிறகு போனை எடுத்தார். எதற்கு என்று அராமிக்குப் புரிந்துவிட்டது.

“பட்டியல்ல இருந்து பேர மட்டும் எடுக்கச் சொல்லுங்க, போதும். எண்ணு மாறிடுச்சுன்னு சொல்லிடலாம். நாம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?”

“நாம ரெண்டு பேரு, செசிலியோ, சிப்பாக்காரி, ஒரு டீச்சரம்மா. நாளைக்குப் பிலார் முழுக்கத் தெரியும்” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “அப்படிப் பொய் சொல்லிட்டு இன்னொரு பூனையோட வாய எப்படிப் பாக்குறது? குறை சொல்ல வாய் வராதே” என்றார்.

அன்றைக்கே எழுதி அனுப்பினார். ‘ஏழாம் எண் சுத்தமான படம். தவறு என்னுடையது. இறங்குகிறேன்’ என்று ஸ்பானிஷில் இரண்டு வரி. அதற்குக் கீழே குவரானியில் நீளமாக ஒரு பத்தி. அது முழுக்க அவர் தன்னையே திட்டிக்கொண்டது. எந்த லிமாக்காரருக்கும் அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அடுத்து வந்த நடுவர் தனிம்புவுக்கு மூன்றாம் இடம் கொடுத்தார். வால் நுனி வெட்டுப்பட்டிருக்கிறதாம்.

“நானா இருந்தா நாலாவதுதான்” என்றார் பிளாசிதா.

அதன் பிறகு வந்த வாரங்களில் அவர் போனை எடுப்பதும், பார்க்க ஒன்றுமில்லாமல் கீழே வைப்பதுமாக இருந்தார். பயணிகளுக்குப் பரிசு கொடுப்பதும் நின்று போனது. நடுவர் யாரும் பூனை வளர்க்கக் கூடாது என்பதும் அந்தக் கூட்டத்து விதி. பதினோரு வருடத்தில் அவரிடம் சொந்தமாக ஒரு பூனைகூட இருந்ததில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு அவர் நடுவர் இல்லை. அராமிக்கு இது தோன்றியது, ஆனால் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

ஒரு மழை நாளில், வண்டிகள் தாமதமாகிக் கவுண்டர் காலியாகக் கிடந்தபோது, பிளாசிதா தன் நாற்காலியை மூலைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். சற்று நேரம் தனிம்புவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது குட்டி போடுமா?”

“போடும். அடுத்த வாரம்.”

“எனக்கு ஒண்ணு குடு, அராமி. நல்லதாப் பொறுக்க வேணாம். இது போட்டிக்கு ஆகாதுன்னு ஒண்ண ஒதுக்கி வைப்பியே, அதக் குடு.”