இங்கிலீஷில் கேட்காமல் விட்ட கேள்வி

1. உளி

புதிய தொழில்நுட்பக் கல்லூரியில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள், என் கையில் தந்தது கம்ப்யூட்டர் அல்ல, ஒரு பெட்டி நிறைய மழுங்கின உளிகள். வேலைக்கூடத்துக்குப் பொறுப்பான மிஸ்டர் ஹோல்ட், "எல்லாவற்றையும் தீட்டு" என்றார். "பிள்ளைகள் கூரான உளிக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் கையை வெட்டுவது மழுங்கினது. அது வெட்டாது என்று அழுத்துவார்கள். அழுத்தினால் வழுக்கும்."

அதற்கு முன் லண்டனில், ஸ்ட்ரெதமில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் இருந்தேன். பழுதான கல்லா மெஷினையும் வருகிறவர்களின் கார் ரேடியோவையும் திருத்திப் பழகியதுதான் என் படிப்பு. "கை அறிஞ்சதைக் காகிதம் அறியாது" என்று அங்கே வேலை செய்த ஒரு மலேசியாக்காரர் சொல்வார். அந்த வாக்கை நம்பித்தான் விண்ணப்பம் போட்டேன். எடுத்துவிட்டார்கள்.

2. கூடை

தொண்ணூறுகளின் தொடக்கம். பெயர்தான் கல்லூரி, அது பதினொரு வயதில் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிக்கூடம். அரசாங்கக் காசில் நடப்பது, கட்டணம் கிடையாது. ஆனால் அந்தந்தத் தெருப் பிள்ளைகளை எடுக்கும் சாதாரணப் பள்ளி மாதிரியும் இல்லை. தொழில்நுட்பம்தான் அதன் விசேஷம், சுற்றுவட்டாரத்தில் யாரும் விண்ணப்பிக்கலாம். அதே நேரம் கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கி எடுக்கவும் கூடாது. பிள்ளைகள் ஒரு சோதனை எழுதுவார்கள். புள்ளிப்படி மேல், நடு, கீழ் என்று பான்ட் பான்டாக, தரம் தரமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பான்டிலும் இத்தனை பேர் என்று கணக்கு. ஒரு பான்டின் இடம் இன்னொரு பான்டுக்குப் போகாது. எங்கள் அதிபர், அதாவது தலைமையாசிரியர், ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. "கெட்டிக்காரர் மட்டும் வந்தால் அது பள்ளிக்கூடமில்லை, வடிகட்டி" என்று எங்கள் கூட்டத்தில் சொன்னார்.

நான் அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் லண்டனில் இருந்த எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் எனக்குப் போன் எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. அதில் முதல் ஆள் பத்மநாதன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே கிழமை நாளில் கடையில் நிற்பார், சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ட்யூஷன் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை அவருடைய வகுப்புக்கே போய், பெற்றோருக்கு முன்னால் பான்ட் கணக்கை விளங்கப்படுத்தினேன்.

"தம்பி, உது வெளியிலை சொல்லுற கதை. உள்ளுக்கை மாக்ஸ்தான் பாப்பினம். மாக்ஸ் கூடினவனை வேண்டாமெண்டு சொல்லுற பள்ளிக்கூடம் உலகத்திலை எங்கை இருக்கு?"

"வேண்டாமெண்டு சொல்லேல்லை, மாஸ்டர். எல்லாரும் ஒரே கூடைக்குள்ளை நிண்டால் இடிபடுவியள் எண்டுதான் சொல்லுறன்."

"இடிபட்டாலும் மேல்கூடைக்குள்ளை இடிபடுறதுதான் மரியாதை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பள்ளியில் பின்னேரங்களில் கிளீனிங் செய்தவர் இராசு. கிளிநொச்சிப் பக்கம், வயல் செய்த குடும்பம். வந்து இரண்டு வருடம். மகள் கலாவுக்குப் பதினொரு வயது. இங்கிலீஷ் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும், கை மட்டும் சும்மா இராது.

"வீட்டு ரேடியோவைக் கழட்டிப் பூட்டிப்போட்டாள், அண்ணை. ரெண்டு ஸ்க்ரூ மிச்சம்."

"பாடுதோ?"

"பாடுது."

"அப்ப அந்த ரெண்டும் கொம்பனிக்காரன்ர பிழை. அவளை விண்ணப்பிக்கச் சொல்லும்."

கலா ட்யூஷன் இல்லாமலே போய்ச் சோதனை எழுதினாள்.

3. கூட்டம்

மாஸ்டரின் பிள்ளைகள் அத்தனை பேரும் மேல் பான்ட். நான் சொன்னபடியே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நடு பான்டில் கலாவுக்கு இடம் கிடைத்தது. ஒரு கிளிநொச்சிப் பிள்ளைக்கு இடம் கிடைத்த கதை சனத்துக்குள் பரவியது.

"தனக்குத் தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கெண்ணும்" என்பார்கள். அந்தக் கிழமை எத்தனையோ சுளகு படபடத்தது; பெற்றோர் விளக்கம் கேட்டுப் பள்ளிக்குப் போன் மேல் போன் எடுத்தார்கள். அதிபர், "ஒளிக்க எதுவுமில்லை, வரச் சொல்லுங்கள்" என்றார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனேன். நூலகத்தில் பெற்றோர் உட்காரக் கதிரை அடுக்கியது இராசு. கூட்டம் முடிந்ததும் அவற்றை எடுத்துவைக்க வேண்டும் என்பதால் கதவடியிலேயே நின்றார். அவர் யாருடைய தகப்பன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதிபர் பான்ட் கணக்கை மறுபடி சொன்னார். மாஸ்டர் எழும்பினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

"தம்பி, இவவிட்டைக் கேளும். அங்கை இலங்கையிலையும் தரப்படுத்தல் எண்டு, மாவட்டத்துக்கு ஒரு மாக்ஸ் வைச்சு, இதைத்தானே செய்தவங்கள். எங்கட பெடியள் நல்ல மாக்ஸ் எடுத்தும் கம்பஸுக்கு வெளியிலை நிண்டாங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தாலை குறைஞ்ச மாக்ஸோடை உள்ளுக்குப் போனாங்கள். லண்டனிலையும் அதே கதையோ? நேற்று வந்த, இங்கிலீஷும் வராத ஒரு கிளிநொச்சிப் பெட்டை எங்கட பிள்ளையின்ர இடத்தை எடுத்திருக்கு. எந்த நியாயத்திலை? அதைக் கேளும்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "நெல்லு வெட்டினதுகளுக்கு என்னத்துக்குக் கம்ப்யூட்டர்?"

சிலர் சிரித்தார்கள். ஒரு தாய் மட்டும், "பிள்ளையைப் பற்றி அப்பிடிக் கதையாதேங்கோ" என்றார்.

நான் கதவடியைப் பார்த்தேன். இராசு பக்கத்துக் கதிரையின் முதுகைப் பிடித்தபடி அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று அதிபர் கேட்டார்.

நான் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: "பெற்றோர் மனவருத்தத்தில் இருக்கிறார்கள். நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டா என்று கேட்கிறார்."

இங்கிலீஷ் தெரிந்த மாஸ்டரும் அதைத் திருத்தாமல் இருந்துவிட்டார். அதிபரின் முகம் இளகியது. வெயிட்டிங் லிஸ்ட் உண்டு, அப்பீல் செய்யலாம் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. போகும்போது அதிபர் என் கையைப் பிடித்து, "எவ்வளவு பண்பான மனிதர்கள்" என்றார்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

4. கதிரைகள்

இராசுவோடு சேர்ந்து கதிரைகளை அடுக்கினேன். ஒரு கதிரையைத் தூக்கியபடி அவர் கேட்டார்.

"அவர் கேட்டதுக்கு அவ என்ன மறுமொழி சொன்னவ, அண்ணை?"

"வெயிட்டிங் லிஸ்ட் இருக்காம்..."

"அதில்லை. என்ர பிள்ளை ஆரின்ரையோ இடத்தை எடுத்ததோ எண்டதுக்கு."

"அதை நான் கேக்கேல்லை."

"ஏன்?"

"வெள்ளைக்காரிக்கு முன்னாலை எங்கட சனத்தின்ர மானம் போயிடும் எண்டு..."

"எனக்கு முன்னாலை அந்த மானம் போனது போதாதோ?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கலா யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை, அவளுடைய பான்ட் வேறு என்று நான் அவசரமாக விளங்கப்படுத்தினேன்.

"எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவைக்கெல்லோ தெரியவேணும். அவவின்ர வாயாலை வந்திருந்தால் அவை கேட்டிருப்பினம். நானும் நிமிர்ந்து நிண்டிருப்பன்."

கிடைத்த இடத்தை ஏற்கிறோம் என்று அந்தக் கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். இராசு வைக்க மாட்டேன் என்றார். நான் அடுத்த நாளே அதிபரிடம் போய், மாஸ்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர், "எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுக்கவில்லை. நேற்றே கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேனே" என்றார். இராசுவைக் கூப்பிட்டு அவரிடமும் அதையே சொன்னார். இந்த முறை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். இராசு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், "நல்ல மனுசி" என்றார். "ஆனா அவ சொன்னது எனக்குத்தானே. சிரிச்சவைக்கு ஆர் சொல்லுறது? அவையின்ர பிள்ளையளோடை ஒரே பஸ்ஸிலை, ஒரே கோயிலிலை இவள் நிக்கவேணும், அண்ணை. நான் விடமாட்டன்."

இராசுவின் வீட்டுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். கலா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அந்த ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இராசு மனம் மாறவில்லை.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணப் பள்ளிக்குப் போனாள். நல்ல பள்ளிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வேலைக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் விட்ட இடம் அதே நடு பான்டில் இருந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்குப் போனது. மாஸ்டரின் பிள்ளைகள் ஒருவருக்கும் அது போகவில்லை. போகவும் ஏலாது. கணக்கு அப்படி.

இப்போது பள்ளிகளிலும் கவுன்சிலிலும் எங்கள் சனத்துக்காக மொழிபெயர்க்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். அசிங்கமான கேள்வியை மென்மையாக்கிக் கொடுத்தால், அதற்கு இருந்த நல்ல மறுமொழி வராமலே போய்விடும். அந்த மறுமொழிக்காகக் காத்து நிற்கிறவர் கதவடியில் இருக்கலாம். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். நான் அன்று உளியை மழுக்கித்தான் கொடுத்தேன்.

இராசு அதற்குப் பிறகும் கனகாலம் அங்கேதான் வேலை செய்தார். பின்னேரத்தில் வேலைக்கூடத்துக்கு வருவார். "என்ன அண்ணை, இண்டைக்கு நல்ல மரத்தூள்" என்பார். என் மேசைக்குக் கீழே மரச்சீவலைக் கூட்ட வருவார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காலைத் தூக்கிக்கொள்வேன்.